சுத்தம் செய்யாமல் அனுப்பவும்

ஜனவரி 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீயும் உன் ஒன்பது வாக்குவம் கிளீனர்களும் நலமா என்று அறிய விருப்பம்.

தங்கை புருஷனுக்குக் கடிதம் எழுதிவிட்டுத் தங்கையை விசாரிக்காத ஆள் நீங்கள் ஒருவர்தான் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். இருக்கட்டும். ஏழு வருடமாக நாம் எழுதிக்கொள்வது மெஷின்களைப் பற்றி. அது அப்படியே இருப்பதுதான் இருவருக்கும் நல்லது. போனில் பேசலாமே என்றும் கேட்டிருந்தாய். போனில் பேசினால் பின்னால் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்கும். யார் வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு பழைய சாமான் சந்தையில் ஒரு 'பீரங்கி' கிடைத்தது. நீ படத்தில் மட்டும் பார்த்திருக்கும் அதே மாடல். நீட்டிப் படுத்த இரும்பு உடம்பு, சக்கரத்துக்குப் பதில் சறுக்குப் பட்டை. விற்றவன், "சார், இது யானையையே இழுக்கும் சார்" என்றான். "யானை வேணாம்ப்பா, ஒரு நூலை இழுக்குதான்னு காட்டு" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. விலையும் சுருங்கிற்று.

அடியில் சுழலும் உருளை மரத்தால் ஆனது. குதிரைமுடி பிரஷ், நான்கு வரிசை, நான்கும் நேர் வரிசை. நேர் வரிசையின் குறை உனக்குத் தெரியும். தலைமுடியும் நூலும் உருளையின் இரண்டு முனைக்கும் ஓடிப்போய்ப் பேரிங்கின் கழுத்தை நெரிக்கும். வரிசையைச் சாய்த்து வைத்தால் முனையிலிருந்து நடுவுக்குத் தள்ளும். நடுவில் உறிஞ்சும் வாய் இருக்கிறது, விழுங்கிவிடும். இதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாய்வு வரிசையின் காப்புரிமைப் பத்திரத்தில் இருப்பது உன் பெயர்தானே.

உன் 'தவளை'யின் உருளையை அனுப்பு. அதுவும் நேர் வரிசை. பீரங்கியோடு ஒப்பிட வேண்டும். நம் சட்டம் ஞாபகம் இருக்கட்டும்: சுத்தம் செய்யாமல் அனுப்ப வேண்டும். எது எங்கே எவ்வளவு சுற்றியிருக்கிறது என்பதுதான் உருளையின் வாக்குமூலம். அது பொய் சொல்லாது. மனிதர்கள் சொல்வார்கள்.

இப்படிக்கு,
உன் மச்சான்


ஜனவரி 29

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதித்தான் பழக்கம். இந்த முறை நான் நலம் என்று மட்டும் எழுதுகிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா? பீரங்கியைத் தனியாகத் தூக்காதீர்கள்.

தவளையின் உருளையைப் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். மூன்று வாரம் ஓடியது, படுக்கையறையிலும் கூடத்திலும். நம் சட்டப்படி சுத்தம் செய்யவில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் செய்ய மனம் வந்திருக்காது.

காப்புரிமைப் பத்திரத்தைப் பற்றி நீங்கள் குத்தாத கடிதம் இதுவரை வந்ததில்லை. நானும் பதில் சொன்னதில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த கடிதத்தில் அவளை ஒரு வரி விசாரியுங்கள். எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் போதும். காரணத்தை என்னால் எழுத முடியாது. "அவனா கேக்கட்டும். கேக்காம நீங்க ஒரு வார்த்தை எழுதக் கூடாது" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். உங்கள் இருவரில் பிடிவாதத்தில் யார் மூத்தவர் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை


பிப்ரவரி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது. உருளை கிடைத்தது.

முதலில் உன் வேண்டுகோள். நான் கேட்பதாக இல்லை. நான் ஒரு வரி எழுதினால், 'பாத்தீங்களா, இறங்கி வந்துட்டான்' என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடப்பாள். அவள் நடை எனக்குத் தெரியும்.

நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. தொழிற்சாலையின் இரண்டாவது மாடி, நீள மேஜை, மேனேஜர், பக்கத்தில் வக்கீல். வடிவமைப்புப் பிரிவுக்கு நான் தலைவன், நீ என் கீழே படம் வரைபவன். சாய்வு வரிசை என் நோட்டில் இருந்தது, உன் பலகையிலும் இருந்தது. யாருடையது என்று கேள்வி. சோதனை அறையில் வேலை பார்த்தவள், நம் இருவரையும் தினமும் பார்த்தவள் என்று அவளைக் கூப்பிட்டார்கள். "வரைஞ்சது யாரும்மா?" என்றார் மேனேஜர். "அவர் வரைஞ்சார் சார்" என்று உன்னைக் கை காட்டினாள். கூடப் பிறந்தவன் நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அன்று மாலை ராஜினாமா எழுதினேன். இருபத்திரண்டு வருடமாகப் பாலிடெக்னிக்கில், தூங்குகிற பிள்ளைகளுக்கு மோட்டார் பாடம் எடுக்கிறேன்.

நீ திருடினாய். அதை மன்னித்துவிட்டேன் என்று வைத்துக்கொள். திருடனாக இருந்தாலும் பிரஷ் தெரிந்த திருடன், பேச வேறு ஆள் இல்லை. அவள் சாட்சி சொன்னாள். அது வேறு.

இனி உருளை. கத்தரியும் இடுக்கியுமாக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இத்தனை தலைமுடியை எந்த உருளையிலும் நான் பார்த்ததில்லை. தராசில் வைத்தேன். பதினொரு கிராம். மூன்று வாரத்தில் பதினொரு கிராம் என்றால் அது வீடா, முடி வெட்டும் கடையா? அறுந்த முடி குறைவு, வேரோடு வந்ததுதான் அதிகம். என் கணிப்பு: பல வருடமாக விரிப்புக்குள் தங்கியிருந்ததைத் தேய்ந்துபோன பிரஷ் இப்போதுதான் கிளறி எடுக்கிறது. உருளையை மாற்று.

ஒரு சோதனை செய்யப்போகிறேன். ஐந்து உருளை, ஒரே விரிப்பு, ஒரே எடை முடி. அதற்கு நீளமான முடி வேண்டும். என் வீட்டில் என்னையும் சேர்த்து விரல் நீளத்துக்குக்கூட முடி கிடையாது. இருந்தவளும் பத்து வருடத்துக்கு முன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் காலத்தில் சோதனை அறையில் உன் வீட்டுக்காரியின் சீப்பில் வருவதைத்தானே போடுவோம். இப்போதும் சீப்பில் சேர்வதைக் கவரில் போட்டு அனுப்பு. எனக்கு என்று சொல்லாதே.

இப்படிக்கு,
உன் மச்சான்


மார்ச் 20

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

நான் நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

உங்கள் கடிதத்தை மறைக்க முடியவில்லை. அவள் இப்போது வேலைக்குப் போவதில்லை, தபாலை அவள்தான் எடுக்கிறாள். முடியைப் பற்றிய பகுதியை இரண்டு தடவை படித்தாள். பிறகு சிரித்தாள். "எடை போட்டுப் பாத்திருக்கான் பாருங்க" என்றாள். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள் ஆகிவிட்டது என்பதால் உங்கள்மேல் எனக்கு வந்த கோபத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

முடியை அவளே அனுப்புகிறாளாம். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

நீங்கள் சொன்னபடி தவளைக்கு வேறு உருளை போட்டேன். அதுவும் பழசுதான், அதுவும் நேர் வரிசைதான். ஒரு மாதம் ஓடியது. அதே படுக்கையறை, அதே கூடம். அதையும் சுத்தம் செய்யாமல் அனுப்புகிறேன். நான் எழுதக் கூடாது என்றுதான் சத்தியம். உருளைக்கு யாரும் சத்தியம் வாங்கவில்லை. தயவுசெய்து நிதானமாகப் பாருங்கள்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை


ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

நலம்.

நிதானமாகப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். ஒரு முடிகூட இல்லை. பஞ்சு இருக்கிறது, சட்டைப் பொத்தான் நூல் இருக்கிறது, பிஸ்கட் தூள், மாத்திரை அட்டையின் வெள்ளித் துணுக்கு நாலைந்து. மாத்திரை சாப்பிட்டால் அட்டையைக் குப்பைத்தொட்டியில் போடப் பழகு. ஆனால் முடி இல்லை. ஜனவரியில் பதினொரு கிராம், மார்ச்சில் பூஜ்யம். அதே வீடு, அதே நேர் வரிசை.

நான் முட்டாள் இல்லை. முனையில் ஏதோ தடுப்பு வளையம் பொருத்தி ஓட்டியிருக்கிறாய், அனுப்பும்போது கழற்றிவிட்டாய். மறுபடியும் எதையோ கண்டுபிடித்து மறைக்கிறாய். இந்த முறை சாட்சிக்கு யாரை வைத்திருக்கிறாய்? அவளையேவா?

வளையம் ரப்பரா, பித்தளையா என்பதையாவது எழுது.

மச்சான்


ஏப்ரல் 30

மாப்பிள்ளைக்கு,

என் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. திருட்டு பிடிபட்டால் யாரும் போடமாட்டார்கள்தான். ஆனாலும் சோதனை முடிவை உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது?

பார்சல் பதினெட்டாம் தேதி வந்தது. செருப்புப் பெட்டி. திறந்தால் முழுப் பின்னல், இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட். சீப்பில் சேர்ந்ததைக் கேட்டால் பின்னலையே அனுப்பியிருக்கிறாள். கத்தரியால் ஒரே வெட்டு, ஒரு பக்கம் கொஞ்சம் நரை. இந்த வயதில் நாகரிகத்துக்குக் குட்டை முடியா? போகட்டும், எனக்கு லாபம். அறுபத்தி இரண்டு கிராம்.

பின்னலைப் பிரித்தேன். ஒரே நீளத் துண்டுகளாக நறுக்கி, பன்னிரண்டு கிராம் வீதம் ஐந்து பங்கு போட்டேன். கூடத்து விரிப்பில் ஒவ்வொரு பங்காகத் தூவி, ஒவ்வொரு உருளையையும் பத்து நிமிடம் ஓட்டினேன். பீரங்கி ஏழு கிராமைச் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது, பெல்ட் கருகிய வாடை இன்னும் போகவில்லை. உன் தவளை உருளை ஆறு. 'தலையாட்டி' ஐந்தரை. இரும்புப் பட்டை வைத்த உருளை பரவாயில்லை, மூன்று. கடைசியாகச் சாய்வு வரிசை. உருளையில் மிஞ்சியது எத்தனை தெரியுமா? நான்கு முடி. கிராம் இல்லை, எண்ணிக்கை. மற்றதெல்லாம் தூசிப் பைக்குள் போய்விட்டது. பையை அன்றே குப்பையில் கொட்டிவிட்டேன்.

நான்கு. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு என் வடிவம் என்ன என்று என் கூடத்திலேயே நிரூபித்துவிட்டேன். கைதட்ட ஆளில்லை. அவளிடம் சொல், அவள் முடியை வைத்தே நிரூபித்தேன் என்று.

மச்சான்


மே 9

மச்சானுக்கு,

பெட்டியின் அடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே ஒரு தாள் இருந்தது. எடுத்துப் படியுங்கள். இனி நான் சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

மாப்பிள்ளை


(பெட்டியின் அடியில் இருந்த தாள்)

மார்ச் 24

அண்ணா,

எப்படி இருக்கே? முதுகுவலி தேவலையா? பாரு, கேக்கறதுக்கு ஒரு வரிதான் ஆகுது. கை ஒண்ணும் தேயல.

முடி கேட்டிருந்தியாம். நீ எடை போட்ட பதினொரு கிராம் விரிப்புக்குள்ள தங்கினது இல்ல. புது வருஷத்துக்கு முன்னாடியே மருந்து ஏத்த ஆரம்பிச்சாங்க. மூணாவது வாரத்துல தலகாணி, சோபா, தரை, எங்க பாத்தாலும் முடி. அவர் எனக்குத் தெரியாம இருக்கட்டும்னு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தவளையை ஓட்டுவார். அந்தச் சத்தத்துல எனக்குத் தெரியாமப் போகுமா? கொட்டறதைப் பாத்துக்கிட்டு உக்கார முடியல. மிச்சம் இருந்ததைப் பின்னி நானே வெட்டி எடுத்து வச்சிட்டேன். எதுக்கு வச்சேன்னு அப்பத் தெரியல. நீ கேட்டதும் தெரிஞ்சுது. இது எனக்கு நினைவு தெரிஞ்சதுலேர்ந்து நீ பிடிச்சு இழுத்த பின்னல். உன்கிட்டயே இருக்கட்டும்.

எனக்கும் அவருக்கும் ஒரு பந்தயம். "பின்னலைப் பாத்ததுமே மச்சானுக்குப் புரிஞ்சிடும்"னு அவர் சொல்றார். "அடியில தாள் இருக்கான்னு தேடவே மாட்டான். நேரா மெஷினுக்குத்தான் போவான்"னு நான் சொல்றேன். நான் தோத்தாத்தான் எனக்குச் சந்தோஷம்.

இன்னொண்ணு. கோவப்படாமப் படி. சோதனை அறையில ஒரு நாள் உருளையில சிக்கின முடியை நான் கத்தரிச்சுக்கிட்டிருந்தேன். நீயும் அவரும் நேர் வரிசையில எத்தனை வரிசை வைக்கறதுன்னு சண்டை போட்டுக்கிட்டிருந்தீங்க. "சீப்பை நேரா இழுத்தாத்தான் சிக்கும். சாய்ச்சுப் பிடிச்சா சிக்காது. இதையும் சாய்ச்சு வைங்களேன்"னு நான் சொன்னேன். சீப்பைப் பிடிச்சுக் காட்டவும் செஞ்சேன். நீ சிரிச்சே. அடுத்த வாரம் அது உன் நோட்டுல இருந்துது. அதுக்கு அடுத்த நாள் அவர் பலகையில இருந்துது. அவர் பின்னால ஒத்துக்கிட்டார். கல்யாணத்துக்கு முன்னாடியே.

விசாரணையில யார் வரைஞ்சதுன்னு கேட்டாங்க. முழுசா அளவு போட்டு வரைஞ்சது அவர்தான், அதைச் சொன்னேன். யோசனை யாருதுன்னு கேப்பாங்கன்னு நின்னுக்கிட்டே இருந்தேன். கேக்கல. நீயும் எதிர்லதான் உக்காந்திருந்தே. நீயும் கேக்கல.

உடம்பைப் பாத்துக்கோ.

பொடிசு


மே 17

பொடிசுக்கு,

எப்படி இருக்கிறாய்?

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு அரை நாள் உட்கார்ந்திருந்தேன்.

பந்தயத்தில் நீதான் ஜெயித்தாய். மாப்பிள்ளை என்மேல் வைத்திருந்த மதிப்பு எனக்குத் தெரியாமல் போயிற்று. அவரிடம் சொல்.

சீப்பு விஷயம் எனக்கு ஞாபகம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். ஞாபகம் இருக்கிறது. பச்சைச் சீப்பு, இரண்டு பல் உடைந்தது. ஜன்னல் பக்கம் நின்று பிடித்துக் காட்டினாய். நான் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த வாரம் ஒரு ராத்திரி வீட்டுக்கு வந்து நோட்டில் வரைந்தபோது அது என் சொந்த மண்டையில் உதித்தது என்றுதான் நம்பினேன். இத்தனை வருடமும் நம்பினேன். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் சாப்பிட்டேன், தூங்கினேன், உன்னைத் திட்டினேன்.

தாளைப் படித்துவிட்டுத் தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குப் போனேன். எப்போதோ லாரி அள்ளிக்கொண்டு போயிருக்கும் என்று தெரியும், இருந்தும் போனேன். பெருக்குகிறவர், "என்ன சார் தொலைச்சீங்க?" என்றார். "முடி" என்றேன். என் தலையை ஒரு தடவை பார்த்தார். "அது இன்னைக்குத் தொலைஞ்ச மாதிரித் தெரியலையே சார்" என்றார். அவரிடம் கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு வரவில்லை. நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

உருளைகளில் சுற்றியது அப்படியே இருக்கிறது. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து நேராக்கிக் காகிதத்தில் வைத்துப் பார்த்தேன். துண்டு துண்டாக நறுக்கியிருக்கிறேன், அதைப் பின்ன முடியாது. பாதியில் நிறுத்திவிட்டேன். சாய்வு வரிசையில் இருக்கும் நான்கை மட்டும் தொடவில்லை.

கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. இந்தத் தாளில் அதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. நேரில் வரலாமா?

அண்ணன்


ஜூன் 21

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் படித்துக் காட்டினேன். கண்ணாடி போட்டாலும் எழுத்து ஆடுகிறது என்கிறாள்.

முதல் வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். குப்பைத்தொட்டிக் கதைக்குச் சிரித்தாள், சிரித்ததில் இருமல் வந்ததால் படிப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தேன். பச்சைச் சீப்பு வந்த இடத்தில், "பல்லு ரெண்டு இல்ல, மூணு" என்றாள். முழுதும் படித்து முடித்ததும், "நாலு முடியா?" என்று கேட்டாள். "ஆமா, நாலுதான்" என்றேன். "அப்ப நல்ல டிசைன்தான்" என்றாள்.

நேரில் வரலாமா என்று கேட்டிருக்கிறீர்களே, என்ன எழுதட்டும் என்றேன். தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "முடி வளர்ந்ததும் வரச் சொல்லுங்க. மறுபடியும் சோதனைக்கு வேணுமே" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். விளையாட்டாகச் சொன்னாளா, மனதில் வைத்துச் சொன்னாளா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆகவே அவள் சொன்னதை அப்படியே, எதையும் துடைக்காமல் அனுப்புகிறேன்.

மருந்தை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினால் ஐந்தாறு வாரத்தில் முடி முளைக்க ஆரம்பிக்கும் என்று நர்ஸ் அவளிடம் சொன்னார். நல்ல செய்தி மாதிரிதான் சொன்னார். எதற்காக நிறுத்தினார்கள் என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதை நீங்கள் வந்து கேளுங்கள். கேட்பதற்கு இப்போதுதானே பழகியிருக்கிறீர்கள்.

இங்கு இன்று இருவரும் இருக்கிறோம்.

மாப்பிள்ளை